ஓர் உடம்பு, இரண்டு கொப்பி

மனநோய்க்கு மருந்தெடுக்கிறவரின் சீனியையும் பிரஷரையும் இடுப்பளவையும் யார் பார்க்கிறார்கள்? படுவான்கரையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

காலை ஆறே கால். வவுணதீவில் பஸ்ஸுக்கு நிற்கிற அந்த அம்மாவின் கையில் ஒரு சீலைப் பை. பைக்குள் தண்ணீர்ப் போத்தல், வாழையிலையில் சுற்றிய பிட்டு, ஒரு பொலித்தீன் உறை. உறைக்குள் இரண்டு கிளினிக் கொப்பிகள். பக்கத்தில் தூணில் சாய்ந்தபடி அவருடைய மகன். வயது முப்பத்துநான்கு. வெயில் இன்னும் ஏறவில்லை; அதற்குள் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நூறு யார் நடந்து வந்ததில் வாங்கிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

பஸ் வலையிறவுப் பாலத்தில் ஏறியதும் அம்மா உறையைப் பிரித்துக் கொப்பிகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். நான் கேட்டதும் மடியில் விரித்தே காட்டினார்.

முதலாவது அவருடையது. அவருக்குச் சீனி வருத்தம், பிரஷர். மாதத்துக்கு ஒரு வரி: நிறை, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, குளிசையின் அளவு. ஆறு வருடத்தை விரலால் தடவிப் படித்துவிடலாம். எந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு சீனி ஏறியது என்பதுகூடத் தெரிகிறது.

இரண்டாவது மகனுடையது. பதினொரு வருடக் கணக்கு, பல ஊர் முத்திரைகள். ஊசியின் பெயர், குளிசையின் பெயர், தூக்கம் நல்லம், குரல் கேட்பதில்லை, அடுத்த திகதி, கையொப்பம். நிறையைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முதல் பக்கத்தில் ஒன்று இருந்தது: 54 கிலோ. அதோடு சரி.

“இப்ப எவ்வளவு நிறை அம்மா?”

“ஆருக்குத் தெரியும் மனே? ரவுசர நாலு தரம் மாத்தித் தைச்சாச்சு. அதுதான் கணக்கு.”

இந்தத் தாய் மகன் கதை ஒரே வீட்டின் கதை அல்ல. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் பல வீட்டுக் கதைகளை ஒரு வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். பேசியவர்கள் பெயரும் இங்கே இல்லை, கொப்பியில் முத்திரை குத்திய வைத்தியசாலைகளின் பெயரும் இல்லை. பெயர் போட்டு என்ன? லண்டனிலும் சிட்னியிலும்கூட இதே வெற்றுப் பக்கங்களைப் பற்றித்தான் ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

■ “ஆள் தேறிட்டான்”

“வருத்தம் வந்த நேரம் இவன் ஓலை மாதிரி இரிந்தான். சோறு தந்தா நஞ்செண்டு தட்டிவிடுவான். குளிசை துவங்கின பொறகு நல்லாத் தின்னத் துவங்கினான். கன்னம் வெச்சிச்சு. அயலட்டையெல்லாம் வந்து பார்த்திட்டு, ஆள் தேறிட்டான், இனிச் சுகம்தானெண்டு சொல்லிச்சினம். எனக்கும் சந்தோசம். பெத்த வயிறுதானே?”

இந்தச் சந்தோசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஞ்சமும் இடப்பெயர்வும் பார்த்த ஊரில் சதை பிடிப்பது நல்ல சகுனம். பிள்ளை கொழுகொழுவென்றிருந்தால் கண்ணூறு கழிக்கிற ஊர் இது. ஆனால் அந்தக் கன்னத்தை வைத்தது சுகம் மட்டும்தானா?

ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைனைத் தணிப்பதோடு நிற்பதில்லை. ‘வயிறு நிறைந்துவிட்டது, போதும்’ என்று சொல்கிற ஹிஸ்டமின், செரட்டோனின் வாசல்களையும் அடைத்துவிடுகின்றன. நள்ளிரவில் எழும்பிச் சட்டியில் மிஞ்சிய சோற்றைத் துடைத்துத் தின்கிற பொடியனைப் பார்த்து ‘கள்ளத் தீனி’ என்று வீட்டார் ஏசுகிறார்கள். அவன் ஆசைக்குத் தின்னவில்லை. அவனுடைய பசிக்குத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. மருந்து துவங்கிய முதல் சில வாரங்களிலேயே நிறை ஏறத் துவங்கும்; முதல் வருடத்தில் ஏறுவதுதான் அதிகம். சிலருக்கு நிறை பெரிதாக ஏறாமலே சீனியும் இரத்தக் கொழுப்பும் ஏறும். ஆகவே ‘ஆள் மெலிவுதானே’ என்று சோதனையை விட்டுவிடவும் ஏலாது.

எல்லாப் பழியையும் குளிசையின் தலையில் போடுவதும் நியாயமில்லை. 1879இல், இந்த மருந்து எதுவும் பிறக்காத காலத்தில், மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் ஹென்றி மோட்ஸ்லி எழுதிவைத்தார். நோயே உடம்பையும் தொடுகிறது. அதோடு வறுமை, வேலையின்மை, பீடி, நாளுக்கு ஆறு தரம் சீனி போட்ட பிளேன்ரீ, தனிமை. குளிசை இவற்றின் மேல் வந்து ஏறுகிறது.

▣ பெட்டிச் செய்தி: கணக்கு என்ன சொல்கிறது?

• கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்தி இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையும் விபத்தும் இதில் ஒரு பங்குதான். பெரும்பங்கு இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய், தொற்று.

• 2018இல் அந்த நிறுவனம் இதற்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது: கடும் மனநோய் உள்ளவர்களின் உடல்நோய்களை எப்படிக் கவனிப்பது என்று.

• இலங்கையில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. மனநோய் இல்லாதவருக்கே இதுதான் நிலை.

• தெற்காசியருக்கான இடுப்பளவு எல்லை: ஆண் 90 சென்ரிமீற்றர், பெண் 80 சென்ரிமீற்றர். மேலைநாட்டு ஆணுக்குச் சொல்லப்படும் எல்லையைவிடக் குறைவு. நமக்குக் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேர்கிறது.

■ பாலத்துக்கு அந்தப் பக்கம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. ஊர்ப் பெயரிலேயே வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். நகரமும் பெரியாஸ்பத்திரியும் எழுவான்கரையில். வயலும் குளமும் மாடும் படுவான்கரையில். மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவின் தலைவாசலாக வவுணதீவு நிற்கிறது. பின்னால் கன்னங்குடா, கரவெட்டி, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று ஊர்கள் உள்ளே போகின்றன.

போர்க்காலத்தில் வலையிறவுப் பாலம் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே இருந்தது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். வவுணதீவில் இராணுவமும் சோதனைச்சாவடியும். காய்ச்சல்காரனே கடக்கப் பயந்த இடத்தில், தனக்குள் குரல் கேட்கிற ஒருவனை, ‘எங்க போற?’ என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவனை, யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? பூசாரி வீடுதான் கிட்ட இருந்தது. பூசாரியை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அவர் கதவு திறந்திருந்தது.

நாட்டின் பழைய ஏற்பாடு அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிதான். 1873இன் பைத்தியச் சட்டம், பிறகு கொழும்புக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி, அது நிரம்பி வழிந்து, 1930களின் கடைசியில் லண்டனிலிருந்து எட்வர்ட் மப்போதர் வந்து பார்த்துக் கடுமையாக அறிக்கை எழுதும் அளவுக்குப் போனது. மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தது பிந்தித்தான். மனநல வைத்தியர் மகேசன் கணேசன் 2000களின் தொடக்கத்தில் இங்கே வந்து, போருக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் நடுவே, வைத்தியசாலைப் பிரிவும் ஊர்களுக்குப் போகிற கிளினிக்குமாகச் சேவையைக் கட்டினார். அந்த அனுபவத்தை 2011இல் ஒரு சர்வதேசச் சஞ்சிகையில் எழுதினார். வெறுந்தரையிலிருந்து கட்டியது என்பதுதான் தலைப்பின் சாரம். 2005இல் நாட்டின் மனநலக் கொள்கையும் அங்கொடையை விட்டு மாவட்டத்துக்கு வா என்றது.

இந்த வெற்றியிலிருந்துதான் இன்றைய பிரச்சினை பிறக்கிறது. முந்தி மனநோயாளர் ஊரைவிட்டுப் போனார், திரும்பவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறார், மருந்து கிடைக்கிறது, குரல்கள் அடங்கிவிட்டன. வாழ்கிறார் என்பதால்தான் அவருடைய நாற்பதாவது, ஐம்பதாவது வயதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு முதுமை ஒன்று உண்டு என்பதை நமது ஏற்பாடுகள் இன்னும் நம்பவில்லை.

■ நெஞ்சு நோகுதெண்டால்...

ஒரு கிழமை மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “ஏதோ அமத்துது” என்று சொல்லியிருக்கிறார். அம்மா ஓட்டோ பிடித்து ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். கொப்பியை வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: “குளிசை ஒழுங்காப் போடுறாரா?” இரண்டாவது கேள்வி கேட்கப்படவில்லை. மனநோய்க் குளிசையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

“அவன் வாய் திறந்து ஒண்டு சொன்னா அது விசர்க் கதை. நான் சொன்னா தாய்க்குப் பயம்.”

உலகம் முழுவதும் மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிற குறை இது. நோயின் பெயரே ஒரு நிழலாக விழுந்து மற்ற நோய்களை மறைத்துவிடுகிறது. வயிற்றுக்குள் பாம்பு நெளிகிறது என்று ஒருவர் சொன்னால் பாம்பு பொய்யாக இருக்கலாம். வயிற்றுவலி மெய்யாக இருக்கலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிக்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள சிலர் வலியை மற்றவர்களைப்போல உணர்வதில்லை, அல்லது சொல்வதில்லை. மாரடைப்பு வலியில்லாமலே கடந்துபோவதும், குடல்வால் வெடித்த பிறகே தெரியவருவதும் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இவர்களில் ஒருவர் ‘நோகுது’ என்றால் இரண்டு மடங்கு காது கொடுக்கவேண்டும். நாம் பாதிக் காதுதான் கொடுக்கிறோம்.

விளைவு கால்களில் தெரிகிறது. சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்குகிற ஊரில், தெரியாத சீனியோடு ஒரு முள்ளுக்காயம் போதும். சீனி உள்ளவர் காலைத் தினமும் திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள். சீனி இருப்பதே தெரியாதவர் எதைப் பார்ப்பார்? கொரோனாவும் இதே பாடத்தைத்தான் நடத்தியது. 2021இல் நியூயோர்க்கில் வெளியான ஓர் ஆய்வில், கோவிட் சாவுக்கு வயதுக்கு அடுத்தபடியாக நின்ற ஆபத்துக் காரணி சிக்கிசோஃப்ரினியா. இதயநோயையும் நீரிழிவையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படி.

■ முப்பத்தைந்தாகும்வரை காத்திரு

இலங்கையின் ஆரம்ப சுகாதார வலையமைப்பில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. 2011 தொட்டு உருவான ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நிறை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். முக்கியமாக அழைப்பது முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை. பொதுமக்களுக்கு அது பொருத்தமான வயது. சிக்கிசோஃப்ரினியா வருவதோ பெரும்பாலும் இருபதுகளில், சிலருக்குப் பதின்வயதின் கடைசியில். மருந்து அன்றைக்கே துவங்குகிறது. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மகனுக்கு முப்பத்துநான்கு. பதினொரு வருடம் மருந்தெடுத்த உடம்பு; சோதனைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது, ஒளிக்கவில்லை. யாரும் வேண்டுமென்று விட்ட தவறல்ல. மனநல கிளினிக்கில் மனதைப் பார்க்கிறார்கள், ஆள் கூட்டம், நேரமில்லை. சீனி கிளினிக்கில் சீனி உள்ளவரைப் பார்க்கிறார்கள். இவருக்குச் சீனி என்று யாரும் எழுதித் தரவில்லை. இரண்டும் ஒரே வளவுக்குள்கூட இருக்கலாம். நடுவில் ஒரு தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில்தான் பத்து இருபது வருடம் தொலைகிறது.

▣ பெட்டிச் செய்தி: எப்போது எதைப் பார்க்கவேண்டும்?

அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமும் 2004இல் சேர்ந்து சொன்ன அட்டவணை எளிமையானது. மருந்து துவங்கும்போது: நிறை, இடுப்பளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, இரத்தக் கொழுப்பு, குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்ற விபரம். நிறையை 4ஆம், 8ஆம், 12ஆம் கிழமைகளில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சீனியும் பிரஷரும் 12ஆம் கிழமையில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. துவங்கியபோது இருந்த நிறையில் நூற்றுக்கு ஐந்து கூடிவிட்டால் மருந்தை மாற்றலாமா என்று வைத்தியர் யோசிக்கவேண்டும். 54 கிலோவுக்கு ஐந்து வீதம் மூன்று கிலோகூட இல்லை.

■ காய்ச்சலும் வெயிலும்

படுவான்கரையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் உடனடியாக உதவும் என்று நினைக்கிறேன். வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

குளோசபின். வேறு மருந்து பிடிக்காதவர்களைக்கூட எழுப்பி நிறுத்துகிற மருந்து. ஆனால் மிகச் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால்தான் முதல் 18 கிழமைக்குக் கிழமைக்கொருமுறை இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சலும் தொண்டைநோவும் வந்தால் காத்திருக்கக்கூடாது. மட்டக்களப்போ டெங்கு நுளம்பின் ஊர். டெங்குவும் வெள்ளை அணுவைக் குறைக்கும். மழைக்காலக் காய்ச்சலோடு ஒருவரை வெளிநோயாளர் பிரிவில் இறக்கும்போது, ‘இவர் குளோசபின் எடுக்கிறார்’ என்ற ஒரு வசனத்தைச் சொல்ல மறக்கவேண்டாம். வெட்கப்பட்டு மறைத்தால் டெங்கு என்றே எல்லோரும் நினைத்துக்கொள்ளலாம்.

அதே மருந்தின் இன்னொரு வேலை மலச்சிக்கல். கேட்கச் சிரிப்பு வரும். குடல் அசையாமல் நின்று உயிரே போனவர்கள் உண்டு. மூன்று நாள் போகவில்லை என்றால் அது சொல்லவேண்டிய செய்தி. பொதுவாக மனநல கிளினிக்கில் யாரும் கேட்பதில்லை. பெரிய பொடியன் தாயிடமும் சொல்வதில்லை.

பீடி, சிகரெட். புகையில் உள்ள கரி குளோசபினைக் கல்லீரலில் வேகமாகக் கரைக்கிறது. ஆகவே திடீரென்று புகையை விட்டால் இரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். விடத்தான் வேண்டும், வைத்தியரிடம் சொல்லிவிட்டு விடவேண்டும். வெற்றிலை புகையிலைக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்கிற புற்றுநோய் வாய்ப்புற்று. மருந்தால் வாய் உலர்ந்து, பல் கெட்டு, அதற்குமேல் நாள் முழுக்க ஒரு குதப்பு வெற்றிலை என்றால், வாயைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

லித்தியம். மனம் உச்சிக்கும் பாதாளத்துக்கும் போய்வருகிறவர்களுக்கான மருந்து. சரியான அளவுக்கும் நஞ்சான அளவுக்கும் இடைவெளி குறைவு. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அளவு ஏறும். சித்திரை வெயிலில் வட்டையில் நின்று வியர்த்தாலும், வயிற்றோட்டம் வந்தாலும், முதுகு நோவுக்குப் பாமசியில் டைக்ளோஃபெனக் வாங்கிப் போட்டாலும், சில பிரஷர் குளிசைகளைச் சேர்த்தாலும் ஏறும். கை நடுக்கம் கூடுதல், தள்ளாட்டம், வாய் குழறல், வாந்தி. இதைப் பார்த்துக் ‘குடிச்சிட்டு வந்திருக்கான்’ என்று அடிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

■ ‘காலையில் நடவுங்கோ’

சுகாதாரப் பேச்சில் தவறாமல் வருகிற வசனம்: தினமும் அரை மணி நேரம் நடவுங்கள். உன்னிச்சைப் பக்கத்தில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். வெள்ளாப்பில் வெளிக்கிட்டால் யானை. பின்னேரம் வெளிக்கிட்டாலும் யானை. ஆள் சாகிற அளவுக்கு யானைப் பிரச்சினை உள்ள இடத்தில், மருந்தின் மந்தத்தில் மெதுவாக நடக்கிற ஒருவரைத் தனியே அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? நடுப்பகலில் நடக்கலாம். வெயில் இருக்கிறது, சில குளிசைகளுக்கு வெயில் ஆகாது, தோல் எரியும்.

முந்தி நடையைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை. வேளாண்மை வெட்டு, கதிர் சுமத்தல், சூடடிப்பு என்று ஊருக்கே வேலை இருந்தது. கொஞ்சம் பிசகினவனுக்கும் மாடு சாய்க்கிற வேலையாவது இருக்கும். கூலியோடு ஒரு இடமும் இருக்கும். இன்று அறுவடை மெஷின் ஒரு பொழுதில் முடித்துவிட்டுப் போகிறது. முதலில் வேலை இழந்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. அவருடைய உலகம் திண்ணையும் தொலைபேசியும் கட்டிலுமாகச் சுருங்கியது. உடம்பு பெருத்தது.

மாரியில் இன்னொரு வகை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் தாழ்ந்த வீதிகள் தண்ணீருக்குள் போகும். கிளினிக் திகதியும் வெள்ளத்தோடு போகும். 2022 பொருளாதார நெருக்கடியில் வெள்ளமில்லாமலே அது நடந்தது: எரிபொருளில்லை, பஸ்ஸில்லை, மருந்துத் தட்டுப்பாடு. இலவச வைத்தியம் உள்ள நாட்டிலும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இலவசமில்லை. ஒரு மாதத்தில் தாய்க்கு ஒரு கிளினிக், மகனுக்கு ஒரு கிளினிக், சோதனைக்கு இன்னொரு நாள் என்றால் எந்த நாளை முதலில் விடுவார்கள்? “என்டதத்தான் விடுவன்,” என்றார் அம்மா, யோசிக்காமலே. மகனின் சீனியைப் பற்றி எழுத வந்தவன், தாயின் சீனியைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டு இறங்கினேன்.

■ பெண்ணுக்கு இன்னும் ஒரு பூட்டு

ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் புரொலக்ரின் என்ற சுரப்பைக் கூட்டும். மாதவிடாய் நின்றுபோகும். கல்யாணமாகாத பிள்ளைக்கு மார்பில் பால் கசியும். இதை எந்த ஆண் வைத்தியரிடம், எந்தக் கூட்டத்துக்கு நடுவில் சொல்வது? பேசாமல் குளிசையை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். வீட்டார் ‘திரும்ப ஏறிட்டுது’ என்கிறார்கள். மருந்தை மாற்றிக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விசயம். கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு வல்புரோயேற் என்ற மருந்தைக் கொடுத்தால் சிசுவுக்கு ஊனம் வரக்கூடும் என்பதும் வீட்டாருக்குச் சொல்லப்படவேண்டியது. முப்பத்தைந்து வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அழைக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு, மனநோயுள்ள மகளையும் மருமகளையும் கூட்டிப்போக நினைப்பவர்கள் குறைவு. ‘அவளுக்கு எதுக்கு?’ என்பார்கள்.

▣ பெட்டிச் செய்தி: இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

பின்லாந்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சிக்கிசோஃப்ரினியா நோயாளரைப் பதினொரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. நீண்டகாலம் மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள். மிகக் குறைந்த இறப்பு, இத்தனை கண்காணிப்புத் தேவைப்படுகிற குளோசபினில்தான். நிறை ஏறுகிறது என்றால் கேட்கவேண்டியது: “வேறு மருந்து இருக்கிறதா? அளவைக் குறைக்கலாமா? சீனி பார்த்துத் தருவீர்களா?” தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவி இலக்கம் 1926.

■ பில்லியும் நம்ம பொடியனும்

இங்கிலாந்தில் ஹெலன் லெஸ்ரர் என்றொரு குடும்ப வைத்தியர். 2012இல் தன் சக வைத்தியர்களுக்கு ஆற்றிய பேருரையில், பில்லி என்ற மனநோயாளர் ஒருவரைப் பற்றி அக்கறைப்படவேண்டும் என்பதையே தலைப்பாக வைத்தார். அடுத்த வருடம் இறந்துபோனார். மருந்தெடுக்கிறவரின் நிறை, புகை, பிரஷர், சீனி, கொழுப்பை ஒரே தாளில் வைத்து, எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்று சொல்கிற கருவிக்கு இன்று அவர் பெயர்தான். சோதித்துவிட்டுச் சும்மா இருக்காதே, ஏதாவது செய் என்பதுதான் அதன் அடிநாதம்.

செய்தால் நடக்குமா? சிட்னியில் பொண்டாயில், முதல்முறை மனநோய் வந்த இளையவர்களுக்கு மருந்து துவங்கும்போதே தாதி, உணவு ஆலோசகர், உடற்பயிற்சி ஆள் என்று 12 கிழமைத் திட்டம் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏறியது 7.8 கிலோ. இவர்களுக்கு 1.8. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ‘இந்த மருந்தென்றால் இப்படித்தான்’ என்ற சாட்டை அது உடைத்தது.

சிட்னி நமக்கு எட்டாது என்பவர்களுக்குக் கொழும்பு இருக்கிறது. கொழும்பு மருத்துவ பீடத்தின் வருணி டி சில்வாவும் ரவீன் ஹன்வெல்லவும் அவர்களுடைய குழுவும், சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற மலிவான மெற்போமின் குளிசை மனநோய் மருந்தால் ஏறும் நிறையைக் குறைக்குமா என்று ஆராய்ந்தார்கள். உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைத் திரட்டி 2016இல் அவர்கள் போட்ட கணக்கில், சராசரியாக மூன்று கிலோவுக்குச் சற்றுமேல் வித்தியாசம். அம்மாவின் பையில் இருக்கிற அதே குளிசை! வைத்தியர் எழுதித் தரவேண்டும். அம்மாவின் போத்தலிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடாது. தமிழ்நாட்டில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே தொலைமருத்துவ கிளினிக்காக ஓட்டத் துவங்கியது. நோயாளி பாலம் கடக்கவில்லை, பஸ் போனது.

எனக்குத் தோன்றுவது அதைவிடச் சின்னது. நம் ஊரில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ச்சிப் பதிவேடு உண்டு. மாதா மாதம் குடும்பநல உத்தியோகத்தர் தராசில் தொங்கவிட்டு, கோட்டில் புள்ளி வைத்து, தாய்க்குக் காட்டுவார். எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்க்குக்கூட அந்தக் கோட்டை வாசிக்கத் தெரியும். பிள்ளையின் கோடு கீழே போனால் நெஞ்சு பதறுகிற தாய்க்கு, இருபத்துமூன்று வயதில் மருந்து துவங்கிய மகனின் கோடு மேலே போவதை ஒருவர் வரைந்து காட்டியிருந்தால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பதவி வேண்டாம். ஒரு தராசு, ஒரு நாடா, பிரஷர் பட்டி, கொப்பியில் நாலு கட்டம். ஊசி போடுகிற அந்த நாளிலேயே, அந்தக் கதிரையிலேயே.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன் ஊசி போட்ட களைப்பில் முற்றத்து மாமரத்தடியில் இருந்தார். மகள் உள்ளே தையல் மெஷினில். இடுப்பளவைப் பற்றி நான் சொன்னதும் மெஷின் நின்றது. கழுத்தில் கிடந்த நாடாவோடு அவள் வெளியே வந்தாள்.

“அண்ணா, எழும்புங்க.”

“ரவுசர் தைக்கப் போறியா?”

“ம்.”

மூச்சை விடச் சொல்லி, தொப்புளுக்கு நேரே சுற்றிப் பிடித்து, குனிந்து பார்த்தாள். நூற்றியேழு. அண்ணன் சிரித்தார். அம்மா உள்ளே போய்ப் பொலித்தீன் உறையை எடுத்துவந்து, இரண்டையும் வெளியே எடுத்து, பேனையைத் தேடினார்.

“எந்தக் கொப்பியில மனே எழுதுற?”